ஆற விடாத மருந்து

(திண்டிவனத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். திரையில் படம் காட்டிச் சொன்னவற்றைச் சுருக்கியிருக்கிறேன். கேள்வி நேரத்தில் எழுந்தவற்றில் சிலவற்றை உரிய இடத்தில் சேர்த்திருக்கிறேன்.)



இந்தச் சொற்பொழிவுக்குத் தலைப்பு என்ன என்று கேட்டபோது, ‘இதயத் தமனி நோயும் மருந்து பூசிய ஸ்டென்டும்’ என்று சொல்லி வைத்தேன். அழைப்பிதழிலும் அப்படியே அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் எங்கிருந்து தொடங்குவது என்ற கவலை வந்தது. பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒரு நோயாளி என்னிடம் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவர் அவர். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, நாலாம் நாள் வீட்டுக்குப் புறப்பட்டார். மாத்திரைச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அதான் ஸ்பிரிங்கு வெச்சிட்டீங்களே சார், இன்னும் எதுக்கு இத்தினி மாத்திர?”

தமனி அடைபடாமல் இருக்க உள்ளே வைக்கும் உலோகக் குழாயான ஸ்டென்டுக்கு நம் பக்கத்தில் ஸ்பிரிங் என்றுதான் பெயர். அவர் கேட்டதில் தவறே இல்லை. கிணற்றில் மோட்டார் இறக்கிய பிறகும் ஏற்றம் இறைப்பவர் யார்? அன்றைக்கு வெளியே வரிசை நீளமாக நின்றது. “ரத்தம் உறையாம இருக்கத்தான், விடாம சாப்பிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதிலாகாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். அன்று அவருக்குத் தந்திருக்க வேண்டிய பதிலைத்தான் இன்று ஒரு மணி நேரம் பேசப்போகிறேன்.

சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டென்டில் பூசியிருக்கும் மருந்து அடைப்பைக் கரைக்கிறது என்று பலர், படித்தவர்கள்கூட, நினைக்கிறார்கள். அது அடைப்பைத் தொடுவதே இல்லை. குழாயைத் திறப்பது பலூன். திறந்த குழாயைத் தாங்கி நிற்பது உலோகம். மருந்தின் வேலை விசித்திரமானது. உள்ளே ஏற்பட்ட காயத்தை அவசரமாக ஆறவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. புண்ணை ஆற்றுவதுதான் வைத்தியம் என்று பழகியவர்கள் நாம். இங்கே ஆறுவதைத் தள்ளிப்போடுவதே வைத்தியம். அப்படித் தள்ளிப்போடுவதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைத் தினமும் கட்டுகிற இடம் நோயாளியின் வீடு. ஸ்டென்டின் தலைவிதி அங்கேதான் எழுதப்படுகிறது என்பது என் வாதம்.

1. உறை இறக்கிய கிணறு

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இதயத்தின் மேற்புறத்தில் கொடிபோலப் படர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலம். பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபில் அளவு. அதன் சுவருக்குள் கொழுப்பு படிந்து, வருஷக்கணக்கில் மேடிட்டு, பாதையைக் குறுக்குகிறது. நடந்தால் நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும். இது ஒரு வகை. அந்த மேடு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் முழுக்க அடைத்துக்கொள்வது இன்னொரு வகை. அதுதான் மாரடைப்பு. இந்த இரண்டையும் மனத்தில் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1977 செப்டம்பர் 16 அன்று சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக் என்ற மருத்துவர், 38 வயதுக்காரர் ஒருவரின் இதயத் தமனிக்குள் சிறு பலூனை நுழைத்து ஊதி, அடைப்பை ஓரம் ஒதுக்கினார். அந்தப் பலூன்களைத் தம் வீட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்து பசை ஒட்டித் தயாரித்தவர் அவர். அவரிடமே பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் சென்னையில் அதைச் செய்து காட்டி, இந்தியாவில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கிவைத்தார். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, நம் தலைமுறை இதய மருத்துவர்கள் பலர் ஆசிரியரை இழந்தவர்கள்போல் ஆனோம்.

பலூன் திறந்தது, ஆனால் திறந்தது நிற்கவில்லை. சில மாதங்களிலேயே மூன்றில் ஒருவருக்காவது மறுபடி சுருங்கியது. தென்பெண்ணைக் கரையில் மணற்பாங்கான நிலத்தில் கிணறு வெட்டியவர்களுக்கு இது புரியும். வெட்ட வெட்டச் சுவர் சரிந்து மூடும். அதற்கு நம் முன்னோர் கண்ட வழி, சுடுமண் உறை இறக்குவது. 1986-இல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயேலும், சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் உல்ரிக் சிக்வார்ட்டும் செய்தது அதேதான். தமனிக்குள் உலோக உறை இறக்கினார்கள். பிறகு ஹூலியோ பால்மாஸ் வடிவமைத்த, பலூனால் விரியும் ஸ்டென்ட் வந்தது. 1994-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், பலூன் மட்டும் ஊதியவர்களில் 32 சதவீதம் பேருக்கு மறுபடி சுருங்கியது. ஸ்டென்ட் வைத்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு.

22 சதவீதம் என்பது வெற்றியா? ஐந்து பேரில் ஒருவர் திரும்பி வருகிறார். சுவர் சரியவில்லை, உறை அப்படியே நிற்கிறது. ஆனால் உறையின் இடுக்கு வழியாக ஆலமரத்து வேர் உள்ளே இறங்குவதுபோல, தமனியின் சதைச் செல்கள் பெருகி உள்ளே வளர்ந்துவிட்டன. பலூனும் உலோகமும் அழுத்தியது உடலுக்கு ஒரு காயம். காயம் பட்டால் ஆற்ற வேண்டும் என்பது உடலுக்குத் தெரியும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியாது. கத்திரிக்கோல் பட்ட இடத்தில் சிலருக்குத் தழும்பு தடித்து எழும்பி நிற்குமே, அது மூன்று மில்லிமீட்டர் குழாய்க்குள் எழும்பினால் எப்படி இருக்கும்? நோயாளியைக் கெடுத்தது நோயின் மிச்சம் என்று நினைத்திருந்தோம். அவரைக் கெடுத்தது அவர் உடலின் ஆர்வம்.

2. ஈஸ்டர் தீவின் ஒரு பிடி மண்

இந்த ஆர்வத்தை அடக்கும் மருந்து யாரும் தேடாத இடத்திலிருந்து வந்தது. பசிபிக் பெருங்கடலில், மனித உருவங்களாகச் செதுக்கிய பெருங்கற்கள் நிற்கும் ஈஸ்டர் தீவு. அங்கே விமான நிலையம் வரப்போகிறது, வெளியுலகம் கலப்பதற்கு முன் தீவு மக்களின் உடல்நிலையைப் பதிவு செய்துவிடலாம் என்று 1964-இல் கனடாவிலிருந்து ஒரு குழு கப்பலில் போனது. போனவர்கள் மண்ணையும் அள்ளி வந்தார்கள்.

அந்த மண் மாண்ட்ரியாலில் ஒரு மருந்து நிறுவனத்துக்கு வந்தது. அங்கே அதை ஆராய்ந்தவர் சுரேந்திர நாத் சேகல். இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் குஷாப் என்ற ஊரில் பிறந்தவர். மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரி சுரக்கும் பொருள் பூஞ்சைகளைக் கொல்கிறது என்று கண்டார். தீவின் சொந்தப் பெயர் ராபா நூய். அதனால் மருந்துக்கு ராபமைசின் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் அதற்கே சிரோலிமஸ் என்றும் பெயர். படர்தாமரைக்கோ கால்விரல் சேற்றுப்புண்ணுக்கோ களிம்பாகப் போயிருக்க வேண்டிய பொருள். ஆனால் அது நோய் எதிர்ப்பையும் தணித்தது. களிம்புக்கு அது கூடாத குணம். நிறுவனம் மாண்ட்ரியால் ஆய்வகத்தை மூடியபோது, நுண்ணுயிரியைச் சேகல் தம் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார் என்பது மருந்துலகில் பலரும் அறிந்த கதை. பிறகு அந்தக் கூடாத குணமே உதவியது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்க 1999-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அதே 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோவில் எட்வர்டோ சோசா, சிரோலிமஸ் பூசிய ஸ்டென்டை முதன்முதலாக மனிதத் தமனியில் வைத்தார். செல் ஒன்று இரண்டாகப் பிளவுபடுவதற்கு முன் உள்ளே ஒரு தயாரிப்பு நடக்கும். சிரோலிமஸ் அந்தத் தயாரிப்பை வாசலிலேயே நிறுத்திவிடும், செல்லைக் கொல்லாது. உலோகக் கம்பியின் மேல் மெல்லிய பாலிமர் பூச்சு, அதற்குள் மருந்து. முதல் ஒரு மாதத்தில் பெரும்பகுதி கசிந்துவிடும், மீதி பிறகு. உடல் தழும்பை எழுப்ப முனையும் காலமும் ஏறக்குறைய அதுதான். அந்தக் காலத்தில் காவலுக்கு நின்றால் போதும் என்பது கணக்கு.

கணக்கு பலித்தது. 2002-இல் ரவேல் என்ற ஆய்வின் முடிவு வந்தது. 238 நோயாளிகள். ஆறு மாதத்தில் வெறும் உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் 26.6 சதவீதம் பேருக்கு மறுபடி சுருங்கியிருந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. பூஜ்யம். மருத்துவ ஆய்வில் பூஜ்யத்தைப் பார்ப்பது அபூர்வம். பார்த்தால் சந்தேகப்பட வேண்டும். அன்று நாங்கள் யாரும் சந்தேகப்படவில்லை, கைதட்டினோம்.

3. காயம் ஆறாத நாட்கள்

தழும்பை எழுப்பும் சதைச் செல்களை மருந்து நிறுத்தியது. தமனியின் உட்சுவரில் பளிங்குபோல் ஒரு படலம் உண்டு; அதைப் போர்த்த வரும் செல்களையும் சேர்த்தே நிறுத்தியது. வெறும் உலோகம் சில வாரங்களில் அந்தப் படலத்துக்குள் மறைந்துவிடும். மருந்து பூசிய உலோகம் மாதக்கணக்கில் ரத்தத்தில் நேரடியாக நனைந்தபடி நிற்கும். ரத்தத்துக்கு அந்நிய உலோகத்தைக் கண்டால் ஒரே பழக்கம்தான், உறைவது.

2006 செப்டம்பரில் பார்சிலோனாவில் கூடிய இதய மருத்துவர் மாநாட்டில் இது வெடித்தது. ஸ்டென்ட் வைத்து ஓராண்டு, இரண்டாண்டு கழித்தும் சிலருக்குத் திடீரென்று உள்ளே ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது என்ற தரவுகள் மேடையேறின. மறுபடி சுருங்குவது மெதுவாக நடப்பது. நெஞ்சு வலி வரும், ஆஸ்பத்திரிக்கு வர நேரம் இருக்கும். உறைவு நிமிடங்களில் முடிந்துவிடும். அடிக்கடி வரும் சிறு தொல்லையைக் கொடுத்துவிட்டு, அபூர்வமாக வரும் பெரிய ஆபத்தை வாங்கிக்கொண்டோமோ என்று பலருக்கும் தூக்கம் போயிற்று.

இன்றைய ஸ்டென்டுகள் அந்தக் காலத்தவை அல்ல. முதல் தலைமுறைக் கம்பி 140 மைக்ரான் தடிமன். இப்போது 60, 80 மைக்ரான், தலைமுடி அளவு. பாலிமரும் மாறிவிட்டது, ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் முதல் சில மாதங்கள் உலோகம் வெறுமையாக நிற்கும் என்ற அடிப்படை மாறவில்லை. அந்த மாதங்களில் காவல் நிற்பவை இரண்டு மாத்திரைகள். ஒன்று ஆஸ்பிரின். மற்றொன்று க்ளோபிடோகிரெல் அல்லது அந்த வகையைச் சேர்ந்தது. இரண்டும் ரத்தத்தின் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கின்றன. மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்தவருக்குப் பொதுவாக ஓராண்டு இரண்டும். மாரடைப்பு இல்லாமல் வைத்தவருக்கு ஆறு மாதம். ரத்தக்கசிவு ஆபத்து அதிகம் உள்ளவருக்கு இன்னும் குறைவாக்கலாம். எவ்வளவு நாள் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்டென்ட் வைத்த மருத்துவர்.

2005-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்த 2,229 பேரை ஒன்பது மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். மொத்தத்தில் உறைவு வந்தது 1.3 சதவீதம் பேருக்குத்தான். ஆனால் மாத்திரையைக் காலத்துக்கு முன் நிறுத்தியவர்களை மட்டும் தனியே பிரித்தால், 29 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. உறைவு வந்தவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்துபோனார்கள்.

யார் நிறுத்துகிறார்கள்? மறு ஆண்டு அமெரிக்காவில், மாரடைப்புக்குப் பின் ஸ்டென்ட் வைத்த 500 பேரிடம் இதைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள்ளேயே 68 பேர் இரண்டாவது மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். அடுத்த பதினோரு மாதங்களில் நிறுத்தியவர்களில் இறந்தோர் 7.5 சதவீதம், தொடர்ந்தவர்களில் 0.7 சதவீதம். நிறுத்தியவர்கள் வயது கூடியவர்கள், பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள், துணையில்லாமல் தனியாக இருந்தவர்கள், செலவுக்குப் பயந்து வைத்தியத்தைத் தள்ளிப்போட்டவர்கள். அமெரிக்க ஆய்வுதான். ஆனால் அந்தப் பட்டியலைப் படித்தபோது ஒலக்கூரிலும் மேல்மலையனூரிலும் எனக்குத் தெரிந்த முகங்கள் வரிசையாக வந்து நின்றன.

நம் ஊரில் மாத்திரையை நிறுத்தியதற்குச் சொல்லும் காரணங்கள் வேறு மாதிரி. “மாத்திர சூடு சார், ஒத்துக்கல.” “பல்லு புடுங்கப் போனேன், ரத்தம் நிக்காதுன்னு பத்து நாளு நிறுத்தச் சொன்னாங்க.” “மயிலத்துல காவடி எடுத்தேன், வெரதம்.” “மக பெங்களூர்ல இருக்கா, போயிட்டு வந்தேன், சீட்டு இங்கியே இருந்துச்சு.” “நல்லாத்தான் இருக்கேனே!” இந்தக் கடைசிக் காரணம்தான் எல்லாவற்றிலும் மோசமானது. காய்ச்சல் மாத்திரையை விட்டால் காய்ச்சல் திரும்பி வந்து சொல்லும். இந்த மாத்திரையை விட்டால் எதுவும் சொல்லாது. பத்து நாளும் சொல்லாமல் இருக்கலாம், பதினோராம் நாள் சொல்லும்.

பல் பிடுங்குவது பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலேயே பல் எடுக்க முடியும். பல் மருத்துவர் நிறுத்தச் சொன்னால், நிறுத்துவதற்கு முன் இதய மருத்துவரிடம் ஒரு போன் பேசுங்கள். ஈறில் லேசாக ரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம். மலம் தார்போல் கறுத்துப் போனால் அன்றே வாருங்கள். அப்போதும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

உப்பளத்துக்காரர் என்ன செய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உப்புக் காற்றில் மாத்திரை அட்டையின் தகடு அரித்துப்போகிறது என்று அவர் மனைவி அட்டையை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, தினசரி காலண்டருக்குக் கீழே வைத்தார். காலையில் தேதித்தாளைக் கிழிப்பவர் மாத்திரையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கிழித்தவர் பெரும்பாலும் பேரன். ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேபில் நான் செய்த வேலை நாற்பது நிமிடம். அந்தப் பையன் செய்தது முந்நூற்று அறுபத்தைந்து நாள்.

4. ஜி.எஸ்.டி. சாலையில் போகும் நேரம்

இதுவரை சொன்னது ஸ்டென்டுக்குப் பின்னால் நடப்பது. முன்னால் நடப்பதும் வீட்டில்தான் தொடங்குகிறது.

இந்தியாவில் 89 மருத்துவமனைகளில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாரடைப்பு நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர எடுத்த நேரத்தின் இடைநிலை அளவு 360 நிமிடம். ஆறு மணி நேரம்! உள்ளே வந்த பிறகு ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி போட எடுத்த நேரம் 50 நிமிடம். வீணானது எங்கே என்று பாருங்கள். குழாய் அடைத்த நிமிடத்திலிருந்து இதயத் தசை சாகத் தொடங்குகிறது. ஆறு மணி நேரம் கழித்துத் தங்கத்தில் ஸ்டென்ட் வைத்தாலும் செத்த தசை பிழைக்காது.

அந்த ஆறு மணி நேரத்தில் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? முதலில் சோடா. பிறகு பெருங்காயமோ ஓமமோ போட்ட வெந்நீர். மல்லாட்டை தின்றதால் வந்த வாயு என்று ஒருவர் சொல்வார். பிறகு தெருமுனை மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை. வியர்த்துக் கொட்டிய பிறகு பைக்கில் நடுவில் உட்கார வைத்துத் திண்டிவனம். அங்கே ஈசிஜி எடுத்து மாரடைப்பு என்றதும், சொந்தக்காரர் ஒருவர், “இங்க எதுக்கு, நேரா மெட்ராசுக்குப் போயிடலாம்” என்பார். சென்னை இங்கிருந்து 120 கிலோமீட்டருக்கு மேல். ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டினால் நெரிசல். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விழுப்புரத்துக்கு முன்னால், சாலையோரத்திலேயே, 2010-இல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. இவற்றை ஒதுக்கிவிட்டுச் சென்னைக்குப் போகும் வண்டிகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

உறைவைக் கரைக்கும் ஊசி போட கேத் லேப் வேண்டியதில்லை. ஈசிஜி எடுக்கவும் படிக்கவும் தெரிந்த ஒரு மருத்துவர் போதும். ஊசியை அருகிலேயே போட்டுக்கொண்டு, பிறகு 24 மணி நேரத்துக்குள் பெரிய மருத்துவமனையில் தமனிகளைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் வைக்கலாம். இது ஏழைகளுக்கான சமரசம் இல்லை. உலகம் ஒப்புக்கொண்ட முறை. தமிழ்நாட்டிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். தாமஸ் அலெக்சாண்டர், அஜித் முல்லசாரி ஆகியோர் தலைமையில், சிறு மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு பிணைத்து, 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. பிணைப்பதற்கு முன் ஆஞ்சியோகிராம் கிடைத்தவர்கள் 35 சதவீதம், பின் 60.8 சதவீதம். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. யார் எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதைக் கிராமம் வரை கொண்டுவந்திருக்கிறது. நெஞ்சு வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை நிலையத்துக்கோ வருபவருக்கு ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றையும் முதல் தவணையாக உடனே கொடுத்து அனுப்புகிறார்கள். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி, “அந்த மாத்திரை வாய்க்குள் போவதற்கும் கேத் லேபுக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார். மூன்றாம் பகுதியில் சொன்ன அதே இரண்டு காவல்காரர்கள்தான், முன்கூட்டியே வேலைக்கு வருகிறார்கள்.

ஸ்டென்டுக்கு முன்னால் வேண்டியது அவசரம். பின்னால் வேண்டியது பொறுமை. நம் ஆட்கள் முன்னால் பொறுமையாகவும் பின்னால் அவசரமாகவும் இருக்கிறார்கள்.

5. விலையும் தேவையும்

விலை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017 பிப்ரவரி வரை மருந்து பூசிய ஸ்டென்டின் சராசரி அச்சு விலை 1.21 லட்சம் ரூபாய். அந்த மாதம் தேசிய மருந்து விலை ஆணையம் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. வெறும் உலோகத்துக்கு 7,260. ஒரே இரவில் முக்கால் பங்கு விலை ஆவியானது. அதுவரை அந்தப் பணம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்ற கேள்விக்கு எங்கள் தொழிலில் பலர் இன்னும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொல்கிறோம். நல்ல ஸ்டென்ட் வெளிநாட்டில்தான் கிடைக்கும் என்ற பேச்சுக்கும் பதில் வந்துவிட்டது. சூரத்தில் தயாரான ஒரு ஸ்டென்டை, அமெரிக்க நிறுவனத்தின் புகழ்பெற்ற ஸ்டென்டோடு ஐரோப்பாவிலேயே 1,435 பேரிடம் ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். எந்த விதத்திலும் குறைவில்லை என்று முடிவு வந்தது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் இருப்பதால், ஸ்டென்ட் வாங்கக் காணி நிலத்தை அடகு வைக்கும் காலம் பெருமளவு போய்விட்டது.

விலைக்கு அப்பால் இன்னோர் ஆபத்தும் உண்டு. வேண்டாதவர்களுக்கும் வைப்பது. முதல் பகுதியில் இரண்டு வகை என்றேனே, அதை இப்போது எடுத்துக்கொள்வோம். மாரடைப்பில் ஸ்டென்ட் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் சந்தேகமே இல்லை. நடந்தால் வலி, நின்றால் சரி என்ற நிலையான வகையில் கதை வேறு. 2,287 பேரிடம் நடந்து 2007-இலும், 5,179 பேரிடம் நடந்து 2019-இலும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொன்னன: நல்ல மாத்திரைகளோடு ஸ்டென்டும் சேர்த்து வைத்தாலும் ஆயுள் கூடுவதில்லை. வலி குறையும், அதுவும் பெரிய உதவிதான். இடது பிரதான தமனியில் அடைப்பு, இதயம் பலவீனமாகத் துடிப்பது போன்ற சில நிலைகள் விலக்கு. சர்க்கரை நோயும் பல குழாய்களில் அடைப்பும் சேர்ந்தவர்களுக்கு, மருந்து பூசிய ஸ்டென்டைவிட பைபாஸ் அறுவைதான் மேல் என்று 1,900 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்டில் 16.3 சதவீதம், பைபாஸில் 10.9. சர்க்கரை இல்லாத வீடு அபூர்வமாகிவிட்ட நம் மாவட்டத்தில் இந்த எண்ணை நினைவில் வைக்க வேண்டும்.

இரவு பதினொரு மணிக்கு, ஆஞ்சியோ மேசையில் நோயாளி படுத்திருக்கும்போதே வெளியே வந்து, “எண்பது சதவீதம் அடைப்பு, இப்பவே முடிவு சொல்லுங்க” என்று குடும்பத்தாரிடம் கேட்பது எனக்குத் தெரிந்து பல இடங்களில் நடக்கிறது. என் சொந்தத் தம்பிக்கே நடந்தது. எந்த ஊர், எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். மாரடைப்பாக இருந்தால் அந்த அவசரம் நியாயம். நிலையான வலியாக இருந்தால் அது அநியாயம். அந்த நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இது மாரடைப்பா, இல்ல நடந்தா மட்டும் வர்ற வலியா?” இரண்டாவது என்று பதில் வந்தால், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரலாம். வேண்டாத ஸ்டென்டும் உலோகம்தான், அதற்கும் ஓர் ஆறு மாதம் காவல் போட வேண்டும்.

மேடையில் இருக்கும் சுகாதாரத் துறை நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்கும் ஏற்பாடு 2021 முதல் நம்மிடம் இருக்கிறது. அதற்காக வீடு வீடாகப் போகும் பெண் பணியாளர்களின் பதிவேட்டில் இன்னும் ஒரே ஒரு பத்தியைச் சேருங்கள்: இந்த வீட்டில் ஸ்டென்ட் வைத்தவர் யார், எந்தத் தேதியில் வைத்தது, இரண்டாவது மாத்திரை எந்தத் தேதி வரை. மூன்றே கேள்விகள்.

அவையில் இருப்பவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால், இன்றிரவு அவருடைய மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பாருங்கள். சீட்டில் உள்ள தேதிக்கு எத்தனை இருக்க வேண்டுமோ அதற்கு மேல் மிச்சம் இருந்தால், நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.